வகுப்பு நேரம் மாணவருடையது: இளம் விரிவுரையாளர்களுக்கு ஆறு அறிவுரைகள்

மாடம்பாக்கம், சேலையூர் வட்டாரக் கல்லூரிகளில் அறிவியல் பாடம் எடுக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் எழுதுவது. மாணவர் விளக்கத்தை வீட்டிலேயே வீடியோவில் பார்த்துவிட்டு, கணக்கை வகுப்பில் உங்களோடு போடுவதே தலைகீழ் வகுப்பறை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் 2007இல் தொடங்கிய முயற்சியால் இது பரவியது.

1. முதலில் வகுப்பைத் திட்டமிடுங்கள், வீடியோ பிறகு. பாடத்தைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். கணக்கைத் தொட்டதும்தான் தடுமாற்றம் வரும். அப்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

2. எல்லா வீடியோவையும் நீங்களே எடுக்க வேண்டாம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இணைய வீடியோ பாடங்கள் இலவசம். அவற்றில் தேவையான பத்து நிமிடத்தை மட்டும் குறித்துக் கொடுங்கள். கடினமான இடத்தை நீங்களே தமிழில் பேசிப் பதிவுசெய்யுங்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள்.

3. மாணவரின் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். செங்கல்பட்டிலிருந்து ரயிலில் தாம்பரம் வந்து பஸ் மாறுபவர் உண்டு. மாலையில் வேலைக்குப் போகிறவர் உண்டு. வீடியோ சிறியதாக, தரவிறக்கிக்கொள்ள ஏற்றதாக இருக்கட்டும். போன் இல்லாதவருக்கு இரண்டு பக்கக் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.

4. பார்க்காமல் வந்தவர்களுக்காக மறுபடி பாடம் நடத்தாதீர்கள். நடத்தினால் அடுத்த வாரம் யாருமே பார்க்க மாட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் சின்னத் தேர்வு வைத்து, இன்டர்னலில் கொஞ்சம் மதிப்பெண் கொடுங்கள். பார்க்காதவர் பின்பெஞ்சில் அமர்ந்து பார்த்துவிட்டுக் குழுவில் சேரட்டும்.

5. நல்ல கேள்வியைத் தேடுங்கள். கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் இருப்பது காற்றா, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா, நீராவியா? ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்து கையுயர்த்தட்டும். விடைகள் பிரிந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்லி மறுபடி கேளுங்கள். ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இது. நீராவி என்று சொன்னவர் தோழரை ஏற்கவைக்கும்போது இருவருக்கும் பாடம் பதிகிறது.

6. “சார் பாடமே நடத்துவதில்லை” என்ற புகார் வரும். கலங்காதீர்கள். மாணவர் தாமே செய்து கற்கும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளை 2014இல் அமெரிக்காவில் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 34 பேர் தோற்றார்கள். செய்து கற்றவர்களில் 22 பேர். ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். மூளை உழைப்பதால் வரும் சிரமம் அது. இதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடமும் ஹெச்.ஓ.டி.யிடமும் சொல்லிவிடுங்கள்.

இந்த செமஸ்டரில் ஒரே ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ஷன் முடிந்ததா என்பதோடு, கணக்கைத் தானாகப் போட எத்தனை பேருக்கு வந்தது என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை கூடினால் அடுத்த யூனிட்டுக்குப் போங்கள்.