பட்ட காலிலே படுவது ஏன்?

“பட்ட காலிலே படும்” என்று நம் பாட்டிமார் சொல்வர். ஓர் இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவருக்குச் சில ஆண்டுகள் கழித்து வேறொரு இரத்தப் புற்றுநோய் வந்தால் வீட்டார் இதைத்தான் நினைப்பர். ஆனால் இது வெறும் தலைவிதி அன்று.

நம் இரத்த அணுக்கள் யாவும் எலும்பு மஜ்ஜையிலுள்ள தாய் அணுக்களிலிருந்தே பிறக்கின்றன. அவை இரு கிளைகளாகப் பிரியும். ஒன்றில் நிணநீர் அணுக்கள். மற்றதில் சிவப்பணுக்கள், தட்டணுக்கள், ஏனைய வெள்ளணுக்கள். எந்தக் கிளையில் கேடு நேர்ந்ததோ அதற்கேற்பப் புற்றுநோயும் வேறுபடும்.

ஹாட்ஜ்கின் நோய் முதற்கிளையைச் சேர்ந்தது. பெரும்பாலும் கழுத்தில் வலியில்லாத கட்டியாகத் தோன்றும்; இளம் வயதினரையும் விடுவதில்லை. 1832இல் லண்டன் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின் இதை விவரித்தார். இந்நோய்க்குரிய பெரிய அணுவை 1902இல் தெளிவாக விளக்கியவர் டோரதி ரீட் என்னும் அமெரிக்கப் பெண் டாக்டர். (பெண்கள் மருத்துவம் பயில்வதையே பலர் ஏளனம் செய்த காலம் அது!)

மருந்து கிடைத்த கதை வியப்பானது. முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற கடுகு வாயு அவர்களுடைய வெள்ளணுக்களையும் அழித்திருந்தது. அதன் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தனர். பின்னர் அதனுடன் மூன்று மருந்துகளைச் சேர்த்து டாக்டர் வின்சென்ட் டெவிட்டா குழுவினர் அளித்தபோது, முற்றிய நிலையிலிருந்த ஹாட்ஜ்கின் நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு நோய் அடங்கியது. இம்முடிவு 1970இல் வெளியாயிற்று.

ஆயினும் நல்ல அணு, கெட்ட அணு என்று பிரித்தறிய அம்மருந்துக்குத் தெரியாது. மஜ்ஜையின் தாய் அணுக்களும் காயமுற்றன. குணமானவர்களில் நூற்றுக்குச் சிலருக்கு, பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குள், இரண்டாம் கிளையில் கடுமையான இரத்தப் புற்றுநோய் தோன்றியது. முதலில் சோர்வு, உடல் வெளிறல். பிறகு அடிக்கடி காய்ச்சல், ஈறுகளில் இரத்தக் கசிவு.

இதனால் மருந்தே வேண்டாம் என்பது பேதைமை. அஃதில்லையேல் முதல் நோயே அவர்களைக் கொண்டு போயிருக்கும். மருத்துவர்கள் மருந்தை மாற்றினர். 1970களில் மிலான் நகரில் டாக்டர் பொனடோனா வகுத்த வேறு நான்கு மருந்துகளின் கூட்டில் இவ்வபாயம் மிகக் குறைவு.

குணமானவர்களைப் பல்லாண்டுகள் விடாமல் கவனித்ததாலேயே இது தெரிந்தது. அத்தகைய பணி நமக்கு அருகிலேயே நடக்கிறது. மந்தைவெளியிலிருந்து பஸ் ஏறித் திரு.வி.க. பாலத்தைக் கடந்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கியது. 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அதற்கே உழைத்தார். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடும் 1980களிலிருந்து அங்கேதான் பேணப்படுகிறது. நோயாளிகளின் நிலையறியப் பதில் அட்டைகளை அஞ்சலில் அனுப்பியதோடு, வீடு தேடியும் சென்றிருக்கிறார்கள்.

நாமோ, “குணமாகிவிட்டதே, இன்னும் ஏன் போகவேண்டும்?” என்கிறோம். பழைய மருத்துவச் சீட்டுகளைச் செய்தித்தாளோடு எடைக்குப் போட்டுவிடுகிறோம். பத்தாண்டு கழித்துச் சோர்ந்து வரும் நோயாளிக்கு எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று டாக்டருக்குச் சொல்லக்கூடியவை, அச்சீட்டிலுள்ள மருந்தின் பெயரும் அளவுமே.