மருத்துவ ஊர்தி வராத நாட்களிலும் மாத்திரையை நிறுத்தாதீர்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்து திரும்புவோர் பலர் அன்றைய கூலியை இழக்கின்றனர். இக்குறையைத் தீர்க்கவே நடமாடும் மருத்துவக் குழு ஊர்களுக்கு வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை இல்லத்திற்கே கொண்டு சேர்க்கிறது.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டாது. அளவு சீராக இருப்பது மாத்திரையின் பயனே. நோய் நீங்கியதன் அடையாளம் அன்று. இடையில் நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் உயர்ந்து, பக்கவாதமும் சிறுநீரகப் பழுதும் நேரக்கூடும். ஆகவே, மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே செவிலியரிடம் தெரிவியுங்கள். நெஞ்சுவலி, வாய் கோணல், கை கால் செயலிழப்பு ஆகியவை தோன்றினால் ஊர்திக்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.