மீன் தொட்டியில் ஓட்டை போடுவது எப்படி?

மாணவர்களே, நம் ஜொகூரில் யோங் பெங், பத்து பஹாட் வட்டாரங்கள் கெலிசா எனும் அரோவானா மீன் பண்ணைகளுக்குப் பேர்போனவை. கெலிசா பெரிதாக வளரும், கழிவும் அதிகம். அதனால் வீட்டில் வளர்ப்போர் பலர், தொட்டிக்குக் கீழே வடிகட்டித் தொட்டி ஒன்றை வைத்து இரண்டையும் குழாயால் இணைப்பார்கள். குழாய் நுழைய கண்ணாடியில் ஓட்டை வேண்டுமே! தட்டினாலே உடைகிற பொருளில் எப்படித் துளையிடுவது?

இரும்பு அழுத்தத்துக்குச் சற்று வளைந்து கொடுக்கும். கண்ணாடி கொடுக்காது. அதிலுள்ள நுண்ணிய கீறலின் முனையில் விசை குவிந்தால், கீறல் ஓடிவிடும். இதை 1921இல் கணக்கிட்டு விளக்கியவர் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித். ஆகவே கண்ணாடியைச் சீவக்கூடாது, அரைக்க வேண்டும். மோஸ் கடினத்தன்மை அளவில் கண்ணாடி ஏறக்குறைய 5.5, வைரம் 10. விளிம்பில் வைரத்தூள் பதித்த குழல் மெதுவாகச் சுழன்று கண்ணாடியை மாவாக்குகிறது.

கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தாது. அரைபடும் இடம் மட்டும் சூடேறி விரிந்தால் விரிசல் விழும். அதனால் அவ்விடத்தைச் சுற்றிக் களிமண் வரப்பு கட்டி, நீர் தேக்கி வைப்பார்கள். கண்ணாடித்தூள் பறந்து மூச்சில் கலக்காமலும் அந்நீர் தடுக்கும். நீர் இருப்பதால் பேட்டரி டிரில்தான் பாதுகாப்பு. பெரியவர் ஒருவரும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் சில தொட்டிகள் நொடியில் பொடிப்பொடியாகிவிடும். காரணம், டெம்பர்டு கண்ணாடி. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக ஊதிக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கும். இதனால் மேற்பரப்பில் அமுக்கவிசை, உள்ளே இழுவிசை. இரண்டும் சமநிலையில் இருக்கும்வரை கண்ணாடிக்கு வலு. டிரில் மேல் அடுக்கைத் தாண்டியதும் சமநிலை குலைந்து முழுக் கண்ணாடியும் சிதறும். காரின் பக்கக் கண்ணாடி சிதறுவதும் இப்படித்தான். மீன் தொட்டிகளில் சிலவற்றுக்கு அடித்தட்டு மட்டும் டெம்பர்டாக இருக்கும்.

கடைக்காரர் "சாதாரணக் கண்ணாடிதான்" என்றாலும், சோதிக்காமல் நான் டிரில்லைத் தொடமாட்டேன். சோதனை எளிது. மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக்கி, காலித் தொட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கத்திலிருந்து போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து, திரை இருண்டு போகும்வரை அக்கறுப்புக் கண்ணாடியைச் சுழற்றுங்கள். இடையிலுள்ள தொட்டிக் கண்ணாடியில் வெளிச்சத் திட்டுகளோ பட்டைகளோ தெரிந்தால், அதற்குள் அந்த இழுவிசை ஒளிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் துளையிடாதீர்கள்.