கதிரடிக்கும் இயந்திர விபத்து: காரணம் அறிவது எப்படி?

சோளம், கம்பு அடிக்கும் இயந்திரத்தில் ஒருவர் கை சிக்கினால், ‘கவனக்குறைவு’ என்று கூறிவிட்டு மறுநாளே இயந்திரத்தை ஓட்டுவது களத்து வழக்கம். காரணம் அப்படியே இருப்பதால் அடுத்தவர் கைக்கும் ஆபத்து நீங்குவதில்லை.

முதலில் இயந்திரத்தை நிறுத்தி, காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். காரணம் தெரியும் வரை இயந்திரத்தைப் பழுது பார்க்கவோ, இடம் மாற்றவோ கூடாது. உடன் வேலை செய்தவர்களை அன்றே தனித்தனியாக விசாரிக்கவும். ‘யார் தவறு?’ என்றால் உண்மை வராது. ‘என்ன நடந்தது?’ என்றே கேட்க வேண்டும்.

அடுத்து, கதிர் தள்ளும் பாதையை அளக்கவும். இந்தியத் தர நிர்ணயப்படி அதன் நீளம் குறைந்தது 90 செ.மீ. இருக்க வேண்டும். அதில் உருளையை ஒட்டிய 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும். மூடி கழற்றப்பட்டிருந்தால், ஏன் கழற்றினார்கள் என்றும் விசாரிக்கவும். ஈரக்கதிர் அடைத்ததா? பெல்ட்டுக்கு மறைப்பு இருந்ததா? வெளிச்சம் போதுமா? எத்தனை மணி நேரம் ஓய்வின்றி வேலை நடந்தது?

இவற்றை எழுதி வைத்து, குறையை நீக்கிய பின்னரே இயந்திரத்தை ஓட்டவும். 1983ஆம் ஆண்டின் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் தொழிலாளருக்கு இழப்பீடும் வகுத்துள்ளது. இழப்பீடு கோரும்போதும் இக்குறிப்பு உதவும்.