கட்டியிலிருந்து எடுக்கும் சிறு துண்டு



மார்பில் கட்டி என்று வரும் பெண்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புகிறோம். அங்கே ஊசியால் சிறு சதைத்துண்டு எடுக்க வேண்டும் என்கிறார்கள். “டிரசர் ஐயா, கத்தி பட்டா பரவிடுமாமே?” என்று சிலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். அந்தத் துண்டு எதற்கு, ஆராய்ச்சிக்காரர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

கத்தி பட்டால் பரவுமா?

ஊசியால் துண்டு எடுப்பதால் நோய் பரவி ஆபத்து வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆபத்து தாமதத்தில்தான் இருக்கிறது. மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கையைப் பாருங்கள். மார்புப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் நோய் தெரியவந்தது.

பெயர் ஒன்று, குணம் பல

எல்லாம் ரப்பர் மரம்தான். ஆனாலும் ஒரு குளோன் பால் அதிகம் தரும், இன்னொன்று காற்றில் முறியும், வேறொன்று இலைநோயில் வாடும். மார்புப் புற்றுநோயும் அப்படித்தான்.

சில கட்டிகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பை உண்டு வளரும். பத்தில் ஏழு கட்டிகள் ஏறத்தாழ இந்த வகை. இதற்கு தமாக்சிபென் மாத்திரை உண்டு. 1970-களிலிருந்தே பயன்பட்டு வருகிறது. சில கட்டிகளில் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கும். இதற்கான டிரஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூன்றாவது வகையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்று அடையாளமும் இருக்காது. அதற்கு முக்கியமாக கீமோதெரபிதான்.

உங்கள் கட்டி எந்த வகை? கையால் தொட்டுப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அந்தச் சிறு துண்டுதான் சொல்லும்.

ஒட்டுக்கன்று போல

முன்பு ஆராய்ச்சிக்கூடங்களில் பழைய உயிரணுக்களை வைத்தே மருந்துகளைச் சோதித்தார்கள். எம்.சி.எப்-7 என்ற உயிரணு வரிசை 1970-ல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது. இன்றும் கண்ணாடித் தட்டுகளில் வளர்கிறது. அதனால் கிடைத்த அறிவு பெரிது. ஆனால் ஒரு பெண்ணின் உயிரணு உலகத்துப் பெண்கள் எல்லாருக்கும் பதில் சொல்ல முடியுமா?

அதனால்தான் இப்போது நோயாளியின் சொந்தக் கட்டியையே வளர்த்துப் பார்க்கிறார்கள். இதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஒட்டுக் கட்டுவது. தாய்மரத்தின் மொட்டை வேறு கன்றில் ஒட்டினால் தாய்மரத்தின் குணம் வருகிறதல்லவா? அதுபோலக் கட்டியின் துண்டை எதிர்ப்புச் சக்தி இல்லாத சுண்டெலியின் உடம்பில் வைத்து வளர்க்கிறார்கள். மனிதக் கட்டியை ரோமமில்லாத சுண்டெலியில் வளர்க்கலாம் என்று 1969-ல் டென்மார்க்கில் காட்டினார்கள்.

மற்றொன்று, நாற்றுமேடை மாதிரி. கூழ் போன்ற பொருளில் உயிரணுக்களை வைத்துக் குட்டிக் கட்டிகளாக வளர்ப்பது. இதற்குப் பெயர் ஆர்கனாய்ட். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் மார்புப் புற்றுநோயிலிருந்து 100-க்கும் மேற்பட்ட ஆர்கனாய்ட் வரிசைகளை உண்டாக்கி 2018-ல் வெளியிட்டார்கள்.

இந்த வேலையில் பெரும்பகுதி முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்கள் கையில். இவர்கள் ஊசி போடும் டாக்டர்கள் அல்ல. அறுவைக் கூடத்திலிருந்து வரும் துண்டை வளர்க்கிறார்கள். தாய்க்கட்டியின் குணம் மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிடுகிறார்கள். பல மருந்துகளைப் பல அளவில் கொடுத்து எது கட்டியைச் சுருக்குகிறது, எது சுருக்கவில்லை, ஏன் என்று எழுதி வைக்கிறார்கள். இதற்கே ஆண்டுக்கணக்கில் ஆகும்.

பலன் கண்டதுண்டா?

உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலக் குழு 2022-ல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியது. மூன்று அடையாளமும் இல்லாத வகை நோய் அவருக்குத் திரும்ப வந்து பரவியிருந்தது. அவருடைய கட்டியை வளர்த்துச் சோதித்ததில் எரிபுலின் என்ற மருந்து நன்றாக வேலை செய்தது. அதையே அவருக்குக் கொடுத்தார்கள். நோய் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. முந்தைய மருந்துகளைவிட மூன்று மடங்குக்கும் அதிக காலம் அடங்கியும் இருந்தது.

ஆனால் ஒரே மருந்தில் எல்லாருக்கும் குணம் என்று நினைத்துவிடாதீங்க. சில துண்டுகள் வளரவே வளராது. சுண்டெலியில் வளர மாதக்கணக்கில் ஆகலாம். அந்தச் சுண்டெலிக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாததால், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளை அதில் சரியாகச் சோதிக்க முடியாது. இது இன்னும் ஆராய்ச்சிதான். வழக்கமான வைத்தியம் ஆகிவிடவில்லை. ஆகவே இதற்காகக் காத்திருந்து, இருக்கிற சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

1. மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் வலி இல்லையே என்று விட்டுவிடாமல் அந்த வாரமே கிளினிக்குக்கு வாருங்கள்.

2. துண்டு எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். முடிவு வந்ததும் “எனக்கு எந்த வகை?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

3. மிச்சத் துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டு ஒரு பாரம் நீட்டலாம். புரியும் மொழியில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது. தந்தால், நாளை இன்னொரு பெண்ணுக்குச் சரியான மருந்தைக் கண்டுபிடிக்க அது உதவக்கூடும்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி கட்டி என்று சொன்னால் “ஒண்ணுமில்லை, சரியாப் போயிடும்” என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, கூடவே கிளம்புங்கள்.