கதி உள்ளவர்கள்

அன்புள்ள மக்ளே,

உன் கட்டுரை கிடைத்தது. பேச்சிப்பாறை அணையைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. நான்காம் பக்கத்துக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது. 'மலைமேல் உள்ள சிலோன் அகதிகளுக்கு அரசு வேலையும் வீடும் கொடுத்துக் கரையேற்றியது' என்று எழுதியிருக்கிறாய். ஒரே வரியில் இரண்டு பிழை.

அகதி என்றால் கதியில்லாதவர். இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்து முகாமில் தங்கியவர்களை அப்படிச் சொல்கிறார்கள். நம் குமரி மாவட்டத்துக் கோதையாறு, சிற்றாறு, மணலோடைத் தோட்டங்களில் நீ பார்த்தவர்கள் தாயகம் திரும்பியோர். இலங்கைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரான இவர்கள் 1947 தேர்தலில் ஏழு பேரை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மறுவருடமே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அந்த ஏழு பேரில் ஒருவரான சி.வி. வேலுப்பிள்ளையின் 'நாடற்றவர் கதை'யைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உனக்கும் அனுப்புகிறேன், அட்டையைக் கிழிக்காமல் படி. 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இவர்களைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். தேங்காயைக்கூட அதன் சொந்தக்காரனைக் கேட்டுத்தானே பங்கு வைப்போம்! ராமேஸ்வரத்தில் கப்பலிறங்கும்போதே அவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. குடிமக்களாக வந்தவர்களை அகதி என்று இனி எழுதாதே.

இரண்டாவது பிழை, 'கொடுத்து' என்ற சொல். வனத்துறை வளர்த்த ரப்பர் தோட்டங்களில் அவர்களில் பலருக்கு வேலை கிடைத்தது உண்மை. 1984இல் அந்தத் தோட்டங்கள் அரசு ரப்பர் கழகத்திடம் வந்தன. ஆனால் ரப்பர் பால்வெட்டு யாரும் தூக்கிக் கொடுக்கிற வேலையா? எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இலங்கையின் தலவாக்கலையில் கொழுந்து பறித்தவர். இங்கே நாற்பது வயதில் கத்தி பிடித்தார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். முந்தின வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை நாடாபோல உரித்துக் கூடையில் போடுவார். பிறகு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிற சாய்வில், பட்டையை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே இழுப்பில் சீவுவார். பால்குழாய்கள் எதிர்ச்சாய்வில் ஏறுவதால் இப்படி வெட்டினால்தான் நிறைய குழாய்கள் அறுபடும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் தடியில் காயம்பட்டு முண்டு விழும், அந்த இடம் பிறகு வெட்டுக்குச் சரியாக உதவாது. சிரட்டையில் முதல் சொட்டு விழுவதற்குள் அவர் அடுத்த மரத்தடியில் நிற்பார். மழை பெய்தால் வெட்டு இல்லை. நம் ஊரில் மழை எத்தனை நாள் என்று உனக்கே தெரியும்.

இன்னொன்றையும் நீ யோசிக்கவில்லை. தோட்டத்தில் கொடுக்கிற லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிகிற அன்று வீடும் முடிந்தது. வருடக்கணக்காக விளக்கேற்றிய சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் உரிமையில்லாதவரை எப்படி வீடுள்ளவர் என்பது? கூரை வேறு, வீடு வேறு. பட்டாவில் தன் பெயர் ஏறும்வரை ஒருவர் கரையேறவில்லை என்பதுதான் என் கட்சி. மறுவாழ்வுத் திட்டம் தீட்டுகிறவர்கள் வேலையைக் கணக்கில் எழுதும்போதே பக்கத்தில் எத்தனை சென்ட் நிலம் என்றும் எழுதியிருக்க வேண்டும். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

அந்த அம்மா ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தோடு மகளின் கம்மலையும் விற்றுச் சேர்த்துக் குலசேகரம் பக்கம் மூன்று சென்ட் வாங்கினார். ஓட்டு வீடுதான். முதல் மின்கட்டண ரசீது வந்த நாளில் என்னிடம் கொண்டுவந்து, "இதிலே என் பேருதானே இருக்கு, சார்?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாயகம் திரும்பும் முன் கண்டியில் வாங்கிய குடும்ப அட்டையை வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் பையில்தான் அந்த ரசீதும் இருக்கிறது.

பொங்கல் லீவுக்கு வா, கூட்டிப்போகிறேன். அதற்குள் நான்காம் பக்கத்தைத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
உன் தமிழ் சார்