வேர் நல்லதானால் பால் பெருகும்

ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று நாம் காணும் வீடுகளும் கடைத்தெருக்களும் எழுவதற்கு முன், அவ்வட்டாரத்தில் ஈய லம்பங்களும் பால்மரத் தோட்டங்களும் இருந்தன. அதனை அடுத்த செர்டாங்கில் 1931-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விவசாயக் கல்விக்கூடமே இன்று மலேசிய புத்ரா பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. மரத்தை நாடும் கல்வி வேரிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே, இம்மாதம் பால்மரத்தின் வேரைப் பற்றிப் படிப்போம்.

இரு செடிகள், ஒரு மரம்

நாம் பால் வெட்டும் ஒட்டுமரம் உண்மையில் இரு செடிகளின் கூட்டாகும். மண்ணுக்குள் இருப்பது கொட்டையிலிருந்து முளைத்த அடிக்கன்று. மேலே பட்டையும் கிளையும் இலையும் தருவது, அக்கன்றில் ஒட்டப்பட்ட கண். "இந்த நிரை ஆர்.ஆர்.ஐ.எம். 600" என்று நாம் கூறும்போது மேற்பாதியின் பெயரை மட்டுமே கூறுகிறோம். கீழ்ப்பாதிக்குப் பெரும்பாலும் பெயரே இருப்பதில்லை.

ஒரே ரகத்தின் கண்கள் யாவும் ஒரே குணமுடையவை. ஆனால் கொட்டைகள் அவ்வாறல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் குணத்தில் வேறுபடுவது போல, ஒரு மரத்துக் கொட்டைகளும் வேறுபடுகின்றன. ஒரே நிரையில் ஒரு மரம் பருத்தும் அடுத்தது மெலிந்தும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆப்பிள் பயிரிடுவோர் இத்தொல்லையைத் தவிர்க்க வழி கண்டனர். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம், விதையின்றிப் பதியம் போட்டு வளர்க்கும் அடிக்கன்றுகளைத் தரம் பிரித்துத் தந்தது. மரம் குட்டையாவதும், விரைந்து காய்ப்பதும், சில நோய்களைத் தாங்குவதும் அங்கே அடிக்கன்றைப் பொறுத்தே அமைகின்றன. நம் பால்மரத்திற்கோ இன்றும் கொட்டைக் கன்றுதான் வழக்கம். எனவே, கொட்டையைத் தேர்வதில் நாம் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும்.

எந்தக் கொட்டை?

ஒரே கண்ணை வெவ்வேறு அடிக்கன்றுகளில் ஒட்டி நம் நாட்டில் ஆராய்ந்தபோது, மரத்தின் பருமனும் பாலின் அளவும் வேறுபட்டன. ஆகவே, கண்ட மரத்தடியில் பொறுக்கிய கலப்புக் கொட்டைகளை விடுத்து, ஜி.டி. 1, பி.பி. 5/51 போன்ற ஒரே ரகம் நடப்பட்ட நிரைகளின் கொட்டைகளையே நாடுதல் நலம்.

கொட்டையின் முளைப்புத் திறன் விரைவில் குன்றும். பொறுக்கிய சில நாட்களிலேயே விதைத்துவிட வேண்டும். மூன்று வாரங்களுக்குப் பின்னும் முளைக்காதவற்றை ஒதுக்க வேண்டும். ஆணிவேர் வளைந்த கன்றையும், வளர்ச்சி குன்றிய கன்றையும் இரக்கமின்றிக் களைய வேண்டும். ஒட்டிய மூன்று வாரங்களில் கட்டைப் பிரித்து, கண் பசுமையாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

நோயைத் தடுக்குமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அடிக்கன்று நன்றாயிருந்தால் இலைநோய் வராது என எண்ணலாகாது. 2017-ஆம் ஆண்டில் மலேசியாவில் பரவத் தொடங்கிய பெஸ்டலோட்டியோப்சிஸ் இலையுதிர் நோய் மேற்பாதியைத் தாக்குவது. அத்தகைய நோய்களுக்கு மேல் ரகத்தின் தாங்கும் ஆற்றலே முக்கியம். வெண்வேர் நோயோ கீழ்ப்பாதியைத் தாக்கும். அதற்கு அடிக்கன்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. மறுநடவுக்கு முன் பழைய மரக்கட்டைகளையும் வேர்களையும் அகற்றுவதும், புதுக்கன்றின் வேர்க்கழுத்தை அவ்வப்போது சோதிப்பதும் இன்றியமையாதவை.

நட்ட மரம் 50 செண்டிமீட்டர் சுற்றளவு அடைந்து பால் வெட்டத் தகுதி பெற ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலும் அம்மரத்தையே நம்பி நாம் விடியலில் புறப்படுகிறோம். ரகம் பிடிக்கவில்லையெனில் இளங்கன்றில் மீண்டும் கண் ஒட்டலாம். வேரை மாற்ற வழியில்லை. மெலிந்த மரத்தில் வெட்டுவோரின் உழைப்பில் குறைவில்லை, வாளியில்தான் குறைவு. நாற்றுப்பண்ணையில் ஒரு நோஞ்சான் கன்றைப் பிடுங்கி எறியும் கை, வருங்காலத்தில் பால் வெட்டப்போகும் பிள்ளையின் கூலியைக் காக்கும் கையாகும்.